‘மான்சி’ ஒழுங்கையும் என் வியாழக்கிழமையும்

ஐஸ் பக்டரியில் இரவு வேலை என்பது, தண்ணீர் கட்டியாகும்வரை காத்திருப்பதற்குச் சம்பளம் வாங்குவது. இயந்திரத்தின் இரைச்சல் மாறுகிறதா என்று ஒரு காதைக் கொடுத்தால் போதும். மற்றக் காதும் இரண்டு கண்ணும் சும்மாதான் இருக்கும். நான் அவற்றை இங்கிலிசுக்குக் கொடுத்தேன். எட்டாம் வகுப்பில் நாங்கள் ஒரு பக்கம் இடம்பெயர, பள்ளிக்கூடம் இன்னொரு பக்கம் இடம்பெயர்ந்துவிட்டது. பிறகு படித்ததெல்லாம் போனில்தான். ஒருவரும் பாவிக்காத சொற்களாகத் தேடி, ஒரே வால் உள்ளவற்றைச் சேர்த்துக் கொப்பியில் எழுதுவேன். ஒரே ஒழுங்கையில் இருக்கிற வீடுகள் மாதிரி, ஒன்றைக் கண்டுபிடித்தால் பக்கத்தில் மற்றதும் இருக்கும். அப்படி அகப்பட்டதுதான் ‘மான்சி’ ஒழுங்கை. அந்த வால் இருந்தால் ஏதோ ஒன்றை வைத்துக் குறி பார்க்கிறார்கள் என்று அர்த்தம். மேகத்தை வைத்துப் பார்த்தால் நெஃபோமான்சி.

இப்படி இருக்கையில் கிளிநொச்சியில் ஒரு மீன் கம்பனியிலிருந்து கடிதம் வந்தது. களஞ்சியப் பொறுப்பாளர் வேலை, வியாழக்கிழமை நேர்முகம், அதுவும் இங்கிலிசில். களஞ்சியம் என்றால் பகல் வேலைதானே! பகலில் போர்வையை இழுத்து மூடிப் புரளுகிற என் இனத்தவரே, உங்களுக்கு விளங்கும். பதினாறு வருசத்துக்குப் பிறகு வெளிச்சத்தில் வேலை, இருட்டில் நித்திரை. ஆனால் கொப்பி நிறையச் சொல் வைத்திருக்கிற எனக்கு, யாராவது இங்கிலிசில் சுகம் கேட்டால் பதில் வராது.

விடிய ஐஸ் எடுக்க வருகிறவர்களிடம் வாய்தவறி இதைச் சொன்னேன். அன்று தொடங்கியது.

மீன் வயிறு

முதலில் மரியதாஸ் அண்ணை. கொக்கிளாய்ப் பக்கத்து வள்ளக்காரர். அன்றைக்குப் பட்ட முதல் மீனின் வயிற்றைக் கிழித்துப் பார்த்துத்தான் அடுத்த நாள் கடலைத் தீர்மானிப்பார். இரை நிறைய இருந்தால் அடுத்த நாள் நல்ல மீன்பாடு. என் பேரில் ஒரு பாரை மீனைக் கிழித்தார். வயிறு வெறுமை.

“அண்ணை, நீங்கள் செய்யிறதுக்கு இங்கிலிசில இக்தியோமான்சி எண்டு பேர்” என்றேன், மனம் சோர்ந்ததைக் காட்டாமல்.

கத்தியை ஐஸ் தண்ணீரில் கழுவிக்கொண்டு சொன்னார்: “பேர் இருந்தென்னடா தம்பி, வயித்துக்க ஒண்டுமில்லையே. நீயாவது அண்டைக்குச் சாப்பிட்டிட்டுப் போ.”

மெழுகு

யசிந்தா அக்கா சந்தைக்கு மீன் கொண்டுபோகிறவா. அவா வந்த நேரம் கரண்ட் போய்விட்டது. மேசையில் மெழுகுதிரி கொளுத்தி வைத்தேன். அதை அவா எட்டி எடுக்க, உருகின மெழுகு பக்கத்து வாளித் தண்ணீரில் ஊற்றுப்பட்டு ஒரு வடிவமாக இறுகியது. விடுவேனா? மெழுகைத் தண்ணீரில் விட்டுப் பார்ப்பது செரோமான்சி என்று சொன்னேன்.

“அப்ப பார், கதிரை! உனக்குக் கதிரையில இருக்கிற வேலைதான். நாலு காலும் வடிவா நிக்குது.”

“நண்டு மாதிரிக் கிடக்கக்கா. எட்டுக் கால் இருக்கு.”

அவா மெழுகைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. “அப்ப ரெண்டு கதிரை. ஒண்டில நீ, மற்றதில உன்ர மனிசி.”

தேயிலை

புதன்கிழமை சந்தியில் இருக்கிற முஸ்லிம் நானாவின் தேத்தண்ணிக் கடைக்குப் போனேன். கிளாசின் அடியில் தூள் தங்கியிருந்தது. தேயிலைத் தூளுக்கும் ஒரு வீடு அந்த ஒழுங்கையில் உண்டு: டேசியோமான்சி. கிளாசை நீட்டி, “நானா, இதில என்ன தெரியுது?” என்று கேட்டேன்.

நானாவுக்குக் குறி, சகுனம் ஒன்றும் பிடிக்காது. கிளாசை வாங்கி வெளிச்சத்துக்குப் பிடித்தார். நான் மூச்சைப் பிடித்தேன்.

“தேத்தண்ணி வடிக்கிற வடி கிழிஞ்சு போச்சுத் தம்பி. வேற ஒண்டும் தெரியல்ல.”

சேவல்

எங்கள் மெக்கானிக் சிவபாலன் முள்ளியவளை ஆள். பக்டரி வளவில் ஒரு சேவல் வளர்க்கிறான். எழுத்துகளில் தானியம் வைத்துச் சேவலைக் கொத்த விடுவது அலெக்ட்ரியோமான்சி என்று சொன்னதுதான் தாமதம், சீமெந்துத் தரையில் ‘கிடைக்கும்’, ‘கிடைக்காது’ என்று கரியால் எழுதி, இரண்டிலும் அரிசி போட்டான். சேவல் இரண்டையும் மிச்சமில்லாமல் தின்றது. பிறகு நேராக என்னிடம் வந்து, கையில் இருந்த நேர்முகக் கடிதத்தில் ஒரு கொத்து. நடுவில் ஓட்டை.

அடுத்த நாள் நேர்முகம். எனக்கு அழுகை வராத குறை. சிவபாலன் ஓட்டைக்குள்ளால் என்னைப் பார்த்துச் சொன்னான்: “மச்சான், உன்ர வேலைக்குப் போட்டிக்கு ஆள் நிக்குது.”

வியாழக்கிழமை

அங்கே ஒரு ஐயாவும் ஒரு மிஸ்ஸும் இருந்தார்கள். உங்களைப் பற்றிச் சொல்லுங்கோ என்று ஐயா இங்கிலிசில் கேட்டார். என் நாக்கு ஐஸ் கட்டியாக இறுகியது. மனப்பாடம் பண்ணினதில் ஒரு வரிகூட இல்லை. எழும்புவம் என்று நினைக்க, மிஸ் கடிதத்தைத் தூக்கி, இது என்ன ஓட்டை என்று கேட்டா, அதுவும் இங்கிலிசில்தான்.

பழி என்மேல் விழக்கூடாது என்ற அவதியில் வாய் திறந்தது. கொக் என்றேன். ரைஸ் ஈட்டிங் என்றேன். ரைஸ் ஃபினிஷ், லெட்டர் ஸ்டார்ட் என்றேன். அலெக்ட்ரியோமான்சி என்றேன். மிஸ் போனில் தேடிப் பார்த்துவிட்டுக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தா. ஐயா, பிறகென்ன நடந்தது என்று கேட்டார். மீன் வயிறு, மெழுகு, தேயிலை எல்லாம் சொல்லி, ஐஸ் எப்படி இறுகுது, இரைச்சல் மாறினால் இயந்திரத்துக்கு என்ன வருத்தம் என்பதுவரை கையாலும் வாயாலும் விளங்கப்படுத்தினேன்.

கடைசியில் உண்மையை ஒப்புக்கொண்டேன். “குறை நினைக்காதேங்கோ மிஸ், எனக்கு இங்கிலிசு கதைக்க வராது.”

மிஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னா: “அண்ணை, இவ்வளவு நேரமும் நீங்கள் அதிலதானே கதைச்சனீங்கள்!”

வேலை கிடைத்துவிட்டது. மீனும் மெழுகும் தேயிலையும் சேவலும் சேர்ந்து சொல்லாமல் மறைத்தது ஒன்றுதான்: அந்தக் களஞ்சியத்தில் எனக்குத் தந்திருப்பது இரவு வேலை.