அயலவன் நிலத்தில் இரண்டு சால்

இந்த ஊரில் உப்புப் போத்தல் வடக்கில் இருக்கிறது. நான் வேலை செய்யும் தானியக் களஞ்சியத்தின் சாப்பாட்டறையில், வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், உப்பு எங்கே என்று ஒருவரிடம் கேட்டேன். அவர் தலையை நிமிர்த்தாமலே, "வடக்கு அலுமாரி, மேற்குப் பக்கம்" என்றார். நான் ஜன்னலருகே போய் வெயில் எந்தப் பக்கம் விழுகிறது என்று பார்த்துவிட்டு வந்துதான் அலுமாரியைத் திறந்தேன். நெப்ராஸ்காவின் இந்தச் சமவெளியில் இடம், வலம் என்று யாரும் சொல்வதில்லை. மைலுக்கு ஒரு கோடாக, தாளில் கீறியதுபோல நிலத்தைச் சதுரம் சதுரமாகப் பிரித்திருக்கிறார்கள். இலங்கையின் கிழக்குக் கரையில், எங்கள் நிந்தவூரில், நமக்கும் திசை உண்டு. கிழக்கு என்றால் கடல், மேற்கு என்றால் வயல், நடுவில் பெருந்தெரு. ஆனால் கடலும் வயலும் கண்ணுக்குத் தெரிகின்றன. இங்கே அடையாளம் எதுவுமில்லை. குறிப்பாக, வரம்பு இல்லை. ஒருவருடைய சோளம் முடிந்து மற்றவருடைய சோளம் தொடங்கும் இடத்தில் காலை வைத்து நிற்க ஒரு முழம் மண்மேடு இல்லை. நான் செய்த பிழை இங்கிருந்துதான் தொடங்கியது என்பதால் இதை முதலில் சொல்கிறேன்.

ஊரில் பதினெட்டு வருடம் வரலாறு படிப்பித்தேன். மனைவி நஸீமாவுக்குத் தாதி வேலை கிடைத்ததால் இங்கே வந்தோம். இப்போது நான் சோளம் ஏற்றிவரும் லொறிகளை எடை பார்த்துத் துண்டெழுதிக் கொடுக்கிறேன். பனிக்காலத்தில் லொறி குறைவு, நேரம் அதிகம். அப்படியொரு பனிக்காலத்தில் ஊர் நூலகப் பெண்மணி, "உங்களைப்போல வந்தவர்களைப் பற்றியது" என்று சொல்லி ஒரு பழைய நாவலைக் கையில் தந்தார். டென்மார்க்கிலிருந்து வந்து இந்தப் புல்வெளியை உடைத்துப் பயிர் செய்த ஒரு குடும்பத்தின் கதை. அமெரிக்கப் பாடசாலைகளில் இன்றும் படிப்பிக்கிறார்கள். நாவலின் பெயரையும் ஊரின் பெயரையும் இங்கே நான் எழுதாததற்குக் காரணம் மார்த்தா. அந்தப் பெயரும் அவருடைய உண்மைப் பெயரல்ல. அவர் யார் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

நான் படித்த நாவல்களில் இதைப்போல வேலையை மதித்த நாவல் குறைவு. கதாநாயகன் யென்ஸ் புல்லின் வேரை உடைக்கும்போது கலப்பை போடும் சத்தம் இரண்டு பக்கத்துக்கு வருகிறது. ஒரு சொல் கூட வீணில்லை. அவனுடைய மனைவி முதல் பனிக்காலம் முழுவதும் கடலின் பெயரை வாயால் எடுக்கமாட்டாள். அந்த அத்தியாயத்தை நான் மூன்று தரம் படித்தேன். ஆனால் ஆசிரியர் எங்கும் ஆண்டைச் சொல்வதில்லை. எனக்கு அது பொறுக்கவில்லை. நிலா வளர்ந்ததையும் தேய்ந்ததையும், பனி விழுந்ததையும், கன்று போட்டதையும் அட்டைகளில் குறித்து, எந்த நிகழ்வுக்குப் பின் எது, எத்தனை நாள் கழித்து என்று நாவலுக்கு ஒரு நாட்காட்டி செய்தேன். நஸீமா அட்டைகளைத் தள்ளிவிட்டுச் சோற்றுக் கோப்பையை வைத்தாள்.

"அந்தாள்ட பொஞ்சாதி எப்ப புள்ள பெத்தா எண்டு உங்களுக்குத் தெரியும். நம்மட மகள் எப்ப பொறந்த எண்டு சொல்லுங்க பாப்பம்."

"வியாழக்கிழமை" என்றேன்.

"திகதியக் கேட்டன்."

திகதியையும் சொன்னேன். மணியையும் சொல்லத் தொடங்கியபோது அவள் எழுந்து போய்விட்டாள்.

நாட்காட்டி செய்துகொண்டிருக்கும்போதுதான் அந்தக் கண்டுபிடிப்பு நடந்தது. இரண்டாவது இலையுதிர் காலத்தில், மேற்கு அயலவன் மாவரைக்கத் தூர ஊருக்குப் போயிருக்கும் நாளில், யென்ஸ் மாடுகளைப் பூட்டிக்கொண்டு எல்லை தாண்டிப் போய் அயலவனின் புல்லில் இரண்டு சால் உழுகிறான். மனைவியிடம் சொல்வதில்லை. அடுத்த இலையுதிர் காலத்திலும் அதே வேலை, இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளி. அயலவன் அப்போதும் ஊரில் இல்லை. உழுதுவிட்டு வந்து யென்ஸ் நிம்மதியாகத் தூங்குகிறான். இவ்வளவுதான் நாவலில் இருக்கிறது. வயல்காரன் வீட்டில் பிறந்த எனக்கு இதற்குமேல் எதுவும் தேவைப்படவில்லை. அயலவன் இல்லாத நேரம் பார்த்து, போகத்துக்குப் போகம் கொஞ்சம் கொஞ்சமாக எல்லையை நகர்த்துவது நமக்குத் தெரியாத வித்தையா? இத்தனை பேராசிரியர்கள் படித்த நாவலில், கதாநாயகன் காணிக்கள்ளன் என்பதை ஒருவரும் காணவில்லை. நான் கண்டேன்.

கண்டதற்குக் காரணம் என் தகப்பனார், வாப்பா. எங்களுக்கு நாவிதன்வெளியில் ஐந்து ஏக்கர் வயல் இருந்தது. பக்கத்து வயல் தம்பிப்பிள்ளை என்பவருடையது. அவர் வயலோடேயே குடியிருந்தவர். நாங்கள் நிந்தவூரில். வாப்பா சைக்கிளில் கல்முனை போய், கிட்டங்கித் தாம்போதி என்ற தாழ்ந்த பாலத்தால் ஆற்றைக் கடந்து வயலுக்குப் போவார். கையில் ஒரு தடி, சட்டைப்பையில் ஒரு கொப்பி. தடியால் வரம்பை அளப்பார், கொப்பியில் திகதி போட்டு எழுதுவார். "வரம்பு எங்கள் பக்கம் அரை அடி வந்திருக்கிறது." திகதி எழுதும் பழக்கம் எனக்கு அந்தக் கொப்பியிலிருந்து வந்தது. தம்பிப்பிள்ளை எங்கள் வீட்டில் முப்பது வருடம் கள்ளனாகவே இருந்தார். போர் நடந்த அந்த ஆண்டுகளில் எங்கள் முஸ்லிம் ஊர்களுக்கும் ஆற்றுக்கு அப்பாலுள்ள தமிழ் ஊர்களுக்கும் இடையே பேச்சு வார்த்தை குறைவு. ஒரு சந்தேகத்துக்குச் சாட்சி தேட வேண்டியிருக்கவில்லை.

நூலகத்தில் வியாழக்கிழமைகளில் வாசிப்பு வட்டம் கூடும். மார்ச் மாதக் கூட்டத்தில் என் கட்டுரையை வாசித்தேன். ஊர் வரலாற்றைப் பற்றி ஒரு சிறு நூல் வெளியிட இருந்தார்கள். அதில் என் கட்டுரையைச் சேர்ப்பதாக நூலகப் பெண்மணி ஏற்கனவே சொல்லியிருந்தார். வாசித்து முடித்தேன். ஒரு முதியவர், "இன்டரெஸ்டிங்" என்றார். இன்னொருவரும் அதையே சொன்னார். நான் மகிழ்ந்து நன்றி சொன்னேன். அந்தச் சொல்லை இங்குள்ளவர்கள் எப்போது சொல்வார்கள் என்பதை அடுத்த நாள் நஸீமாவின் மருத்துவமனைத் தோழி விளக்கினாள். சமைத்தது வாயில் வைக்க முடியாதபோது சொல்வார்களாம்.

கடைசி வரிசையில் என் வயது மதிக்கத்தக்க ஒரு பெண் இருந்தார். வெயிலில் காய்ந்த முகம், கையில் எண்ணெய்க் கறை. அவர்தான் மார்த்தா. எல்லோரும் போனபின் என்னிடம் வந்தார்.

"யென்ஸ் என்று நாவலில் வருகிறவர் என் பூட்டன். ஆசிரியர் எங்கள் வீட்டில் தங்கிப் போனவர். இது இந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும்."

எனக்குத் தெரியாது.

"நூல் எப்போது அச்சுக்குப் போகிறது?"

"ஏப்ரலில். மூன்றாவது திங்கட்கிழமை."

"அதற்கு முந்திய சனிக்கிழமை உனக்கு வேலை இருக்கிறதா?"

இல்லை என்றேன். "பழைய சப்பாத்துப் போட்டுக்கொண்டு வா" என்று சொல்லிவிட்டுப் போனார். கோபமா இல்லையா என்று அவர் முகத்தைப் பார்த்து என்னால் சொல்ல முடியவில்லை.

அந்தச் சனிக்கிழமை காலை அவரே வந்து ஏற்றினார். "ஏறு. கள்ளன் வீட்டு வண்டிதான், ஆனால் கதவு நன்றாகப் பூட்டும்." அவருடைய மேய்ச்சல் நிலத்தில் பழைய புல்லை எரிக்கும் நாள் அது. வசந்தத்தில் இப்படி எரித்தால்தான் புதுப்புல் வருமாம். அயலவர்கள் ஆறு பேர் தண்ணீர்த் தாங்கிகளோடு வந்து நின்றார்கள். எனக்கும் நீண்ட பிடியில் ரப்பர் தகடு பொருத்திய ஒரு கருவியைத் தந்தார்கள், பொறியை அடித்து அணைக்க. தீ மூட்டுவதற்கு முன் மார்த்தா உழவு இயந்திரத்தை எடுத்துக்கொண்டு தன் எல்லையைக் கடந்து தெற்கே போனார். அடுத்தவர் நிலத்தில், அவர்களுடைய வைக்கோல் உருளைகளுக்கு முன்னால், இடைவெளி விட்டு இரண்டு சால் உழுதார்.

"அது உங்கள் நிலம் இல்லையே" என்றேன்.

"இல்லை."

"அவர்களிடம் கேட்டீர்களா?"

"குளிருக்குப் பயந்து அரிசோனாவில் இருக்கிறார்கள். எதற்குக் கேட்பது?"

சால்களுக்கு நடுவில் இருந்த புல்லை அவர் முதலில் எரித்துக் கருக்கினார். பிறகு பெரிய தீ. நான் கடலோரத்தில் வளர்ந்தவன், தண்ணீர் சுவராக எழுந்து வந்ததைக் கண்டவன். நெருப்பு அப்படி வருவதை அன்றுதான் கண்டேன். நடுவில் காற்று திரும்பியது. எல்லையை ஒரு பாய்ச்சலில் தாண்டித் தீ அயலவரின் புல்லுக்குள் போனது. நான் கத்தினேன். மற்ற யாரும் கத்தவில்லை. தீ முதல் சாலுக்கு வந்தது, கருகிய கீற்றில் தின்ன எதுவுமில்லாமல் தணிந்தது. இரண்டாவது சாலை அது தொடவே இல்லை. வைக்கோல் உருளைகள் அப்படியே இருந்தன.

மார்த்தா என் பக்கத்தில் நின்று தண்ணீர் குடித்தார். நான்தான் கேட்டேன். "யென்ஸும் இதைத்தான் செய்தாரா?"

"அவர் நல்லவர் என்று நான் சொல்லவில்லை. பெரிய கஞ்சன். அயலவன் வீடு எரிந்தால் அடுத்தது அவர் வீடு. அதனால் உழுதார். ஆனால் களவெடுக்கவில்லை."

"மனைவிக்கு ஏன் சொல்லவில்லை?"

"சொந்த வீட்டைச் சுற்றி அப்போது இன்னும் உழவில்லை. சொன்னால் ஏச்சு வாங்கிக் கட்டியிருப்பார்."

ஆசிரியர் விளக்காததன் காரணம் அப்போதுதான் புரிந்தது. அவர் எழுதிய காலத்து வாசகருக்கு இலையுதிர் காலம் என்றால் காட்டுத்தீ, சால் என்றால் காவல். அயலவன் இல்லாதபோது அவன் வீட்டுக்குக் காவல் போட்டுவிட்டு, அதை ஒருவரிடமும் சொல்லாமல் வந்து தூங்கிய ஒரு மனிதனை அவர் இரண்டு பந்தியில் எழுதியிருக்கிறார். புகழ்ந்து ஒரு சொல் இல்லை. எவ்வளவு பெரிய எழுத்து! நான் அதைக் களவு என்று வாசித்தேன்.

திங்கட்கிழமை காலை நூலகம் திறக்கும்போது வாசலில் நின்றேன். நூலகப் பெண்மணிக்கு விருப்பமில்லை. நூலில் புதிதாக இருந்தது அந்தக் கட்டுரை ஒன்றுதான் என்றார். அதை எடுத்துவிட்டு, என் பெயரும் ஊரும் போட்டு, நான் எப்படிப் பிழையாக வாசித்தேன் என்பதையே எழுதிக் கொடுத்தேன். மார்த்தா அதைப் படித்துவிட்டு ஒரே ஒரு திருத்தம் சொன்னார். "கஞ்சன் என்பதையும் சேர்."

இதோடு முடிந்திருக்கலாம். ஆனால் இறந்துபோன வாப்பாவின் கொப்பியை நான் வரும்போது பக்கம் பக்கமாகக் கைத்தொலைபேசியில் படமெடுத்து வந்திருந்தேன். அதைத் திறந்து, யென்ஸுக்குச் செய்ததுபோல அதற்கும் ஒரு நாட்காட்டி செய்தேன். வரம்பு நகர்ந்ததாக எழுதிய ஒவ்வொரு திகதிக்கும் சில நாள் முன்னால் இன்னொரு வரி இருந்தது. "தாம்போதிக்கு மேலால் தண்ணீர். வயலுக்குப் போகவில்லை." ஒவ்வொரு முறையும். வெள்ளத்தில் நெல் மூழ்காமலிருக்க, வரம்பை வெட்டித் தண்ணீருக்கு வழிவிட வேண்டும். அந்த வாயை வக்கடை என்போம். நாங்கள் ஆற்றுக்கு இந்தப் பக்கம் நின்ற நாட்களில் எங்கள் நெல் மூழ்கியதாகக் கொப்பியில் ஓரிடத்திலும் இல்லை. ஊரிலிருக்கும் என் அண்ணனை, காக்காவை, தொலைபேசியில் அழைத்தேன். எனக்குக் காலை, அவருக்குப் பின்னேரம்.

"காக்கா, தம்பிப்பிள்ளைட மகன் இப்பவும் நம்மட பக்கத்து வயலத்தானே செய்யிறாரு?"

"ஓம். என்ன, அமெரிக்காவுல இரிந்து வரம்பு அளக்கப் போறியா?"

"வெள்ளம் வந்த நேரமெல்லாம் ஆரு நம்மட வயல்ல தண்ணிய வெட்டி விட்ட?"

பெருந்தெருவில் பஸ் ஹோர்ன் அடிக்கும் சத்தம் கேட்டது.

"தானா வடிஞ்சிரிக்கும்டா."

"வக்கடை வெட்டாம எப்படிக் காக்கா வடியும்?"

"வாப்பா மௌத்தாகி எத்தின வருசம்! இப்ப என்னத்துக்கு இது?"

"பன்னிரண்டு வருசம், அஞ்சு மாசம்."

"உன்னட்டக் கேட்டது என்ட பிழை" என்றார். ஆனாலும் போனார். சிறுபோக விதைப்புக்கு எப்படியும் போகவேண்டியிருந்தது. போன அன்று மாலை குரல் பதிவு அனுப்பினார். தம்பிப்பிள்ளை மூன்று வருடத்துக்கு முன் இறந்துவிட்டார். மகன் ரவி சிரித்தாராம். "அப்பாதான் வெட்டினவரு. உங்கட வயல் நிரம்பினா வரம்பு உடைஞ்சி எங்கட வயலுக்குள்ள வரும். வெட்டாம என்ன செய்யிற? வெட்டின இடத்த மூடக்குள்ள மண் அங்கால இங்கால விழும்தானே. வாப்பா வந்து தடியால அளக்கிறத அப்பா தூர இரிந்து பாத்துக்கொண்டு நிப்பாரு. என்ன அளக்கிறாரு எண்டு மட்டும் கடைசி வரைக்கும் அவருக்கு விளங்கல்ல."

வாப்பா எதற்கு அளந்தார் என்பதைக் காக்கா ரவியிடம் சொன்னாரா என்று கேட்டேன். "சொன்னன்" என்றார். "என்ன சொன்னாரு?" "தேத்தண்ணி ஊத்தித் தந்தாரு."

மறுநாள் ஒரு படம் வந்தது. காக்காவும் ரவியும் வரம்பில் நிற்கிறார்கள். வெயிலுக்கு இருவருக்கும் கண் சுருங்கியிருக்கிறது. இரண்டு பக்கமும் தண்ணீர் கட்டிய வயல், இரண்டிலும் ஒரே வானம். பெரிதாக்கிப் பார்த்தேன், திருப்பிப் பார்த்தேன். மார்த்தாவின் நிலம் எங்கே முடிகிறது என்று கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். இந்தப் படத்தில் எங்கள் வயல் எந்தப் பக்கம் என்று எனக்குத் தெரியவில்லை.