ரஹ்மத் சிஸ்டர் கேட்ட ஒரு பரிசோதனை

செவ்வாய்க்கிழமை காலை. நோயாளிகளின் வரிசை வாசலைத் தாண்டி நின்றிருந்தது. எங்கள் மருந்தாளுநர் என் அறைக்குள் வந்து நின்றார். என்ன என்று கேட்டேன்.

"ரஹ்மத் சிஸ்டர் போயிட்டாகளாம் மேடம். மதுரை ஆஸ்பத்திரியில, விடிஞ்சதும்."

எதிரே ஒரு பெண் கையை நீட்டியபடி உட்கார்ந்திருந்தார். அவருக்கு ரத்த அழுத்தம் பார்த்து முடித்தேன். எவ்வளவு இருந்தது என்று இப்போது நினைவில்லை.

காரைக்குடியிலிருந்து சற்றுத் தள்ளி, நான் மருத்துவராக இருக்கும் சுகாதார நிலையத்தில் ரஹ்மத் நிஷா ஏழு ஆண்டுகள் செவிலியராக இருந்தார். ரத்தப் புற்றுநோய் என்று தெரிந்து ஐந்து மாதம்கூட ஆகவில்லை. நாற்பத்து மூன்று வயது. எனக்கும் அதே வயதுதான். அவரிடம் கையை நீட்டி ரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டவர்கள் பலர் இதைப் படிக்கக்கூடும். அவருடைய பொறுமையைப் பற்றியும் சிரிப்பைப் பற்றியும் உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. உங்களுக்குத் தெரியாத ஒன்றைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

அவருடைய மேசைக் கண்ணாடிக்கு அடியில் ஒரு வண்ண அட்டை இருக்கும். வயது, புகைப்பழக்கம், ரத்த அழுத்தம், சர்க்கரை இவற்றை வைத்துப் பார்த்தால், அடுத்த பத்து ஆண்டுகளில் ஒருவருக்கு மாரடைப்போ பக்கவாதமோ வரும் வாய்ப்பு எவ்வளவு என்று அது காட்டும். பச்சை என்றால் குறைவு, சிவப்பு என்றால் அதிகம். ஒருமுறை குன்றக்குடியிலிருந்து வந்த பூக்கடைக்காரர் ஒருவருக்கு ஆரஞ்சு வந்தது.

"உங்கள மாதிரி அஞ்சு பேரு இருந்தா அதுல ஒருத்தருக்கு வரும்ணே" என்றார் ரஹ்மத்.

"அந்த ஒருத்தன் நானா, இல்ல மத்த நாலு பேருல ஒருத்தனா? அதச் சொல்லுங்க."

"அது தெரிஞ்சா அந்த ஒருத்தருக்கு மட்டும் மாத்திரை கொடுத்துட்டு நாலு பேர வீட்டுக்கு அனுப்பிர மாட்டமா? தெரியாமத்தான் அஞ்சு பேரையும் முழுங்கச் சொல்றோம்."

பூக்கடைக்காரர் சிரித்துக்கொண்டே மாத்திரையை வாங்கிப் போனார். இன்றும் தவறாமல் வருகிறார். நிகழ்தகவு என்ற ஒன்றை இவ்வளவு எளிதாக எந்த வகுப்பிலும் எனக்கு யாரும் விளக்கியதில்லை.

மூன்று ஆண்டுகளுக்கு முன் கணேசன் என்பவர் விரல் காயத்துக்குக் கட்டுப் போட வந்தார். ஒக்கூர்ப் பக்கத்துக்காரர், லோடு வேன் ஓட்டுநர், வயது நாற்பத்தொன்று. ரஹ்மத் வழக்கம்போல அவருக்கு எல்லாம் பார்த்துவிட்டு, அவரையும் அழைத்துக்கொண்டு என் அறைக்கு வந்தார்.

"மேடம், அட்டையில இவுகளுக்குப் பச்சைதான் வருது. ஆனா இவுக அப்பா நாப்பத்திரண்டு வயசுல நெஞ்சு வலின்னு போய்ச் சேந்துட்டாராம். அண்ணனும் அதே மாதிரி, நாப்பத்தஞ்சுல. கொழுப்பு டெஸ்டுக்கும் இதய டாக்டருக்கும் எழுதிக் கொடுங்களேன்."

"பச்சைன்னுதானே காட்டுது சிஸ்டர்?"

"அட்டையில அப்பாவுக்குக் கட்டம் இல்லையே மேடம்."

குடும்பத்தில் இளவயது மரணங்கள் இருந்தால் அட்டையை மட்டும் நம்பக்கூடாது என்பது நான் படித்ததுதான். ஆனால் அன்று கூட்டம் அதிகம். ஆறு மாதம் கழித்து வரச் சொல்லுங்கள் என்றேன். கணேசன் கதவருகே நின்று, "அப்ப ஒண்ணுமில்லைல்ல டாக்டரம்மா?" என்று கேட்டார். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு அடுத்தவரின் சீட்டைக் கையில் எடுத்தேன். ரஹ்மத் அவரைக் கூட்டிக்கொண்டு வெளியே போனார்.

மூன்று வாரம் கழித்து, செங்கல் இறக்கிக்கொண்டிருந்த இடத்திலேயே கணேசன் விழுந்து இறந்தார். செய்தி வந்த நாள் முழுவதும், ரஹ்மத் என்னிடம் வந்து ஒரு வார்த்தை கேட்பார் என்று காத்திருந்தேன். அவர் கேட்கவில்லை. மாலையில் கிளம்பும்போது, "அவுக வீட்டுக்கு ஒரு எட்டுப் போயிட்டு வரணும் மேடம்" என்றார். என்னால் முடியாது என்றேன்.

"சரி, நான் போறேன்."

காரியம் முடிந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை போனார். கணேசனின் தம்பி பாண்டியையும், பள்ளியில் படிக்கும் மகளையும் காரைக்குடிக்குக் கூட்டிப்போய் ரத்தப் பரிசோதனை செய்ய வைத்தார். இருவருக்கும் கொழுப்பு மிக அதிகமாக இருந்தது. அது அந்தக் குடும்பத்தில் வழிவழியாக வரும் கோளாறு. பாண்டிக்கு இதயக் குழாயில் அடைப்பும் இருந்தது. மதுரையில் அதைச் சரிசெய்தார்கள். அந்த வீட்டில் என்னைப் பற்றி என்ன பேசினார்கள் என்று ரஹ்மத்திடம் கேட்டேன். "உங்களப் பத்திப் பேச்சே வரல மேடம்" என்றார். நம்பினேன். நம்புவது எனக்கு வசதியாக இருந்தது.

அந்தச் செவ்வாய்க்கிழமை மாலை, ரஹ்மத்தின் உடல் பள்ளிவாசலுக்குப் புறப்பட்ட பிறகு, அவர் வீட்டுக்குள் பெண்களோடு உட்கார்ந்திருந்தேன். கணேசனின் மனைவி செல்வி வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"நீங்கதான் அக்காவ எங்க வீட்டுக்கு அனுப்பி வச்சீகளாமே. எம்புள்ளையும் பாண்டித் தம்பியும் இன்னைக்கு இருக்குறது டாக்டரம்மாவாலன்னு அக்கா சொல்லிக்கிட்டே இருப்பாக."

நான் அதை மறுக்கவில்லை. துக்க வீடு என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன்.

ரஹ்மத் ஏன் அப்படிச் சொன்னார் என்று அதன்பின் நிறைய யோசித்தேன். என்னைக் காப்பாற்றுவதற்காக மட்டும் இருக்காது. உண்மை தெரிந்தால் அந்தக் குடும்பம் எங்கள் வாசலையே மிதிக்காது, மாத்திரையும் நின்றுபோகும் என்று அஞ்சியிருப்பார்.

அடுத்த ஞாயிறு நானே அவர்கள் வீட்டுக்குப் போனேன். அன்று என் அறையில் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். செல்வி ஒன்றுதான் கேட்டார்.

"அன்னைக்கே டெஸ்ட் எடுத்திருந்தா இருந்திருப்பாகளா?"

"தெரியலம்மா. இருந்திருக்கலாம்."

அவர் எழுந்து உள்ளே போனார். திரும்பி வரவில்லை. பாண்டிதான் சாலை வரை கூட வந்தார். "மதினி இனிமே உங்ககிட்டப் பேசுவாகளான்னு தெரியல. நான் வெள்ளிக்கிழமை மாத்திரை வாங்க வாரேன்" என்றார்.

வெள்ளிக்கிழமை வந்தார். கணேசனின் மகளும் வந்தாள். செல்வி வரவில்லை.

ரஹ்மத்தின் இடத்துக்கு வேறொரு செவிலியர் வந்துவிட்டார். ரஹ்மத் பார்த்த வேலைகளையெல்லாம் அவரிடம் ஒப்படைத்துவிட்டேன். ஒன்றைத் தவிர. இந்தக் குடும்பத்தை மட்டும் நான் வைத்துக்கொண்டேன். செல்வி பேசினாலும் பேசாவிட்டாலும், அந்த இருவருக்கும் மாதந்தோறும் என் கையால் மாத்திரை கொடுப்பதும், ஒரு மாதம் வராமல் போனால் வீடு தேடிப் போய் வெளியே நின்று கூப்பிடுவதும் இனி என் வேலை.