சங்கிலி வீட்டுக்காரர்கள்

தென்காசியில் அந்தக் காலத்தில் வெறும் பெயரைச் சொன்னால் ஆள் விளங்காது. சுப்பையா என்று கூப்பிட்டால் ஒரே தெருவில் ஏழு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். அதனால் யாரைக் கண்டாலும் "எந்த வீட்டுப் பிள்ளை?" என்பதுதான் முதல் கேள்வி. ஊறுகாய் வீடு, ஒட்டகத்தார் வீடு, ஒற்றை மாடி மட்டுமே இருந்த மூணுமாடி வீடு என்று ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு பெயர் உண்டு. எங்களுடையது சங்கிலி வீடு. ஊறுகாய் வீடு மூன்று ஊர்களில் இருந்தது. சங்கிலி வீடு கடையத்திலிருந்து திருவேங்கடம் வரை சல்லடை போட்டுத் தேடினாலும் எங்களுடையது ஒன்றுதான் என்பதில் அப்பாவுக்குத் தாளாத பெருமை.

அப்பா பத்திரம் எழுதுகிறவர். இல்லாத எல்லைக்கல்லைக்கூட எழுத்தில் ஊன்றி நிறுத்திவிடுவார் என்று சித்தப்பா கேலி செய்வார். எங்கள் பெயருக்கு அப்பா சொன்ன விளக்கமும் அந்தத் தரத்தில்தான் இருந்தது. திருவிதாங்கூர் ராஜா ஒருவர் செங்கோட்டை வழியாக வந்தபோது ஆற்றில் வெள்ளம் வந்துவிட்டதாம். பல்லக்குத் தூக்கிகள் ஓடிப்போக, எங்கள் பூட்டனார் ஒற்றை ஆளாக நின்று பல்லக்கைத் தாங்கினாராம். ராஜா கரையேறியதும் தன் கழுத்துச் சங்கிலியைக் கழற்றி அவருக்குப் போட்டாராம். அந்தச் சங்கிலி எங்கே என்று நான் கேட்டதில்லை. கேட்கும்படியான வீடும் இல்லை அது.

சித்தப்பா இதை ஒப்புக்கொள்ளமாட்டார். பூட்டனார் வெள்ளைக்காரனுடைய நில அளவைக்குச் சங்கிலி பிடித்தவர், தன் வயலை அளக்கும்போது மட்டும் கொஞ்சம் இழுத்துப் பிடித்தார், அவ்வளவுதான் என்பார். அம்மாவுக்கு இரண்டும் ஆகாது. பேர் சாமி பேர், சங்கிலி பூதத்தார் பேர், அதில் விளையாடாதீர்கள் என்று கன்னத்தில் போட்டுக்கொள்வாள். மாமா வந்தால் இன்னொன்று சொல்வார். எங்கள் முன்னோர் ஒருவர் மலையில் மரம் இழுக்கும் இடத்தில் ஒரு யானைச் சங்கிலியைத் திருடித் தோளில் போட்டுக்கொண்டு வந்தாராம். வீட்டு வாசலில் திரும்பிப் பார்த்தால் மறுமுனையில் யானையும் நின்றதாம். இவர்கள் போக, கோயில் கொடை விழாவில் நெஞ்சை விடைத்து இரும்புச் சங்கிலியை அறுத்த பயில்வான் தாத்தா ஒருவரும் எங்கள் வம்சத்தில் இருந்தார். மூன்றாம் நாள் அவர் நெஞ்சு வலியில் போய்ச் சேர்ந்ததை அப்பா சொல்லமாட்டார்.

எனக்கு அப்பாவின் கதைதான் பிடிக்கும். வீட்டுக்கு யார் வந்தாலும் "ஏட்டி, நம்ம வீட்டுப் பேரு எப்படி வந்துதுன்னு சொல்லு" என்பார். நான் கைகட்டி நின்று ஒப்பிப்பேன். முடிக்கும் இடத்தில் எங்களுக்குள் ஒரு முறை உண்டு. பதக்கத்தில் மயில் இருந்தது என்று நான் நிறுத்துவேன். "மயிலுக்குக் கண்ணு?" என்று அப்பா கேட்பார். "செவப்புக் கல்லு" என்பேன். வந்தவர்கள் மெச்சுவார்கள். எனக்கு அப்போது பத்து வயது. செங்கோட்டை மலையாள ராஜ்யத்தை விட்டு நம்மோடு சேர்ந்து ஓரிரு வருஷம் ஆகியிருந்தது.

அந்த வருஷம் அக்காவுக்குக் கடையத்தில் ஒரு வரன் கூடிவந்தது. அதற்கு முந்தின வருஷம் சிவகிரிச் சம்பந்தம் ஒன்று தட்டு மாற்றுகிற நேரத்தில் காரணம் சொல்லாமலே நின்றுபோயிருந்தது. அதிலிருந்து அக்கா வாசலில் கோலம் போடக்கூட வருவதில்லை. அம்மா அந்தக் கோலத்தை என்னைப் போடச் சொன்னாள். இந்தக் கடையத்து இடமும் போனால் அப்புறம் யாரும் படியேறமாட்டார்கள் என்று பெரியவர்கள் பேசிக்கொண்டது எனக்கும் கேட்டது. 

எங்கள் பக்கத்தில் பெண்ணை இரண்டு தடவை பார்ப்பார்கள். ஒன்று வீட்டில், காப்பி பலகாரத்தோடு. அதை ஊரறியச் செய்வார்கள். இரண்டாவது குற்றாலத்தில், சாரல் சமயத்தில். அதற்குப் பெண் பார்ப்பது என்று பேர் கிடையாது. "ரெண்டு குடும்பமும் சேந்து குளிச்சிட்டு வருவோமே" என்று மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் சொல்லி அனுப்புவார்கள். சேர்ந்து எண்ணெய் தேய்த்து, சேர்ந்து அருவியில் நின்றால், சேலைக்குள் தேமல் உண்டா, வெள்ளைத் தழும்பு உண்டா என்று தெரிந்துவிடும். எல்லோருக்கும் தெரிந்த இந்தச் சங்கதியை யாரும் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள்.

விடியற்காலையில் இரண்டு வில்வண்டிகளில் போனோம். சாரல் முகத்தில் அடித்தது. பெண்கள் பக்கத்தில் மாப்பிள்ளையின் அம்மா அக்காவைத் தன் முன்னால் உட்காரவைத்து, "எம் பொண்ணுக்கு நானே தேச்சு விடுதேன்" என்று எண்ணெய்க் கிண்ணத்தை வாங்கிக்கொண்டாள். முதுகு, தோள், இடுப்பு என்று ஓர் அங்குலம் விடாமல் தேய்த்தாள். பாசத்தில் இத்தனை நேரம் தேய்க்கிறாளே என்று நான் வியந்தேன். அம்மா அருவியைப் பார்க்காமல் அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

குளித்து முடித்து உடை மாற்றியதும், அந்த அம்மாள் தன் கொண்டையிலிருந்த பிச்சிப் பூவில் பாதியைக் கிள்ளி அக்காவின் ஈரத் தலையில் வைத்தாள். அவ்வளவுதான். பெண்ணைப் பிடித்துவிட்டது என்று அதற்கு அர்த்தம். அம்மாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. வேறு பக்கம் திரும்பிச் சேலையைப் பிழிந்தாள்.

கடைகளுக்குப் போகும் பாதையில் அப்பாவும் மாப்பிள்ளையின் அப்பாவும் ஒரு பாறையில் உட்கார்ந்து மங்குஸ்தான் பழம் உடைத்துக்கொண்டிருந்தார்கள். பூவைப் பார்த்ததும் அப்பாவின் முகம் மலர்ந்தது. எனக்கு ஒரு சுளை எடுத்து நீட்டினார். நான் கை நீட்டிய நேரத்தில்தான் அந்தச் சத்தம் கேட்டது. இரும்பு கல்லில் உரசும் சத்தம்.

குற்றாலத்தில் அப்போது சித்தம் கலங்கினவர்களை வைத்துப் பார்க்கும் வைத்தியர் வீடுகள் இருந்தன. அருவித் தண்ணீர் நடுத்தலையில் விழுந்தால் கலக்கம் தெளியும் என்று நாள்தோறும் கூட்டிவந்து நிறுத்துவார்கள். அப்படி ஒருத்தியைத்தான் ஒரு தடித்த பொம்பளை கூட்டிக்கொண்டு வந்தாள். தலைமுடி ஒட்ட வெட்டியிருந்தது. நெற்றி, மூக்கு எல்லாம் எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது. கணுக்காலில் ஒரு சங்கிலி. இரும்பு அறுக்காமல் இருக்கக் கீழே பழந்துணி சுற்றியிருந்தார்கள். சங்கிலியின் மறுமுனை கூட்டிவந்தவளின் கையில் இருந்தது. மாட்டுக்கும் யானைக்கும் அல்லாமல் மனுஷிக்குச் சங்கிலி போட்டு அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். சுளை கையிலிருந்து விழுந்துவிட்டது.

அவள் நேராக அப்பாவைப் பார்த்து நின்றாள்.

"ஏலே தம்பி" என்றாள்.

எங்கள் அப்பாவை ஏலே என்று கூப்பிடுகிறவர் யாரும் உலகத்தில் கிடையாது. தாசில்தார்கூட அண்ணாச்சி என்பார். அப்பா மங்குஸ்தானைப் பிடித்தபடி அப்படியே இருந்தார்.

"தெரிஞ்சவுகளா?" என்று கூட்டிவந்தவள் அப்பாவிடம் கேட்டாள். "இவ தென்காசிக்காரி. சங்கிலி வீடுன்னு சொல்லுவா. நீங்க சங்கிலி வீட்டு ஆளுகளா?"

இப்போது நினைத்தாலும் நாக்கை அறுத்துக்கொள்ளலாம் போலிருக்கிறது. அப்பா வாய் திறப்பதற்குள் நான் கைகட்டிக்கொண்டு முன்னால் வந்தேன். அந்தப் பெயரை யாராவது சொன்னால் நான் செய்யவேண்டியது எனக்குப் பழகிப்போயிருந்தது. அதோடு புதுச் சம்பந்திகள் வேறு நிற்கிறார்கள்.

"ஆமா, நாங்கதான் சங்கிலி வீடு" என்று தொடங்கினேன். ராஜா வந்தார், வெள்ளம் வந்தது, பூட்டனார் பல்லக்கைத் தாங்கினார். யாரும் என்னைத் தடுக்கவில்லை. தடுக்க அவர்களுக்குத் தெம்பு இல்லை என்பது எனக்குத் தெரியாது. காலில் சங்கிலி கிடந்தவள் மட்டும் தலையைச் சாய்த்து, உதட்டை அசைத்துக்கொண்டே கேட்டாள். பதக்கத்தில் மயில் இருந்தது என்று வழக்கம்போல நிறுத்தினேன்.

"மயிலுக்குக் கண்ணு?" என்று கேட்டது அவள்.

"செவப்புக் கல்லு" என்று என் வாய் தானாகச் சொல்லிவிட்டது.

சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது. அது அப்பா கேட்கும் கேள்வி. அப்பா கேட்கும் அதே இழுப்பு. நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் முகத்தில் ரத்தம் இல்லை. அம்மா பின்னாலிருந்து என் தோளைப் பிடித்தாள். நகம் தோலுக்குள் இறங்கியது.

மாப்பிள்ளையின் அம்மா இரண்டடி முன்னால் வந்தாள். அந்தப் பெண்ணின் நெற்றியைப் பார்த்தாள். திரும்பி அப்பாவின் நெற்றியைப் பார்த்தாள். "ஒங்களுக்குச் சொந்தமா அண்ணாச்சி?" என்றாள். குரல் மெதுவாகத்தான் இருந்தது.

"இவ யாருன்னே தெரியாது மைனி" என்றார் அப்பா. "எங்களுக்கும் இவளுக்கும் ஒரு சம்பந்தமும் கெடையாது."

நான் அதுவரை அப்பா பொய் சொல்லிக் கேட்டதில்லை. கதைகள் வேறு, இது பொய் என்று அவர் குரலே சொன்னது.

அந்தப் பெண் அப்பாவையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு அக்காவைப் பார்த்தாள். ஈரத் தலையையும் அதிலிருந்த பிச்சிப் பூவையும் பார்த்தாள். மாப்பிள்ளையின் அம்மாவின் கொண்டையில் மிச்சமிருந்த அதே பூவையும் பார்த்தாள்.

"இவுக இல்ல" என்றாள், கூட்டிவந்தவளிடம். "ஆளு தெரியாமச் சொல்லிட்டேன். எங்க வீட்டு ஆளுக இம்புட்டுக் கறுப்பு இல்ல."

"அப்போ அந்தக் கதை ஒனக்கு எப்படித் தெரியும்?" என்றாள் மாப்பிள்ளையின் அம்மா.

"தென்காசியில அந்தக் கதைய எவதான் சொல்லல? தெருவுல போற நாயும்லா சொல்லும். நானும் கேட்டு வச்சிக்கிட்டு எங்க வீடுன்னு சொல்லிக்கிடுதேன். கேக்க நல்லாருக்குல்லா?"

மாப்பிள்ளையின் அப்பா சிரித்துவிட்டார். கூட்டிவந்தவளும் சிரித்தாள். "பைத்தியம். எவுகளப் பாத்தாலும் இப்படித்தான். மனசுல வச்சிக்கிடாதிய" என்று சங்கிலியை இழுத்தாள். அந்தப் பெண் மறுபேச்சில்லாமல் அவள் பின்னால் போனாள். அருவிப் பக்கம் திரும்பும்வரை பார்த்துக்கொண்டே இருந்தேன். அவள் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

திரும்பும் வண்டியில் அப்பா எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். பழைய குற்றாலம் விலக்கைத் தாண்டியதும், "இனி எவன் கேட்டாலும் வீட்டுப் பேரச் சொல்லப்பிடாது" என்றார். ஆவணியில் கல்யாணம் நடந்தது. பத்திரிகையில் சங்கிலி வீடு என்று அச்சடிக்கவில்லை. கேட்டவர்களிடம் காகிதத்தில் இடம் இல்லை என்றார் அப்பா. அக்கா கடையத்தில் நன்றாகத்தான் வாழ்ந்தாள். மூன்று பிள்ளைகள் பெற்றாள். மாமியார் கடைசிவரை அந்தக் காலையைப் பற்றி அவளிடம் வாய் திறந்ததில்லை.

அப்பா காலமான பிறகுதான் அம்மா எனக்குச் சொன்னாள். குற்றாலத்தில் கண்டவள் என் மூத்த அத்தை, அப்பாவின் அக்கா. அம்மை கண்டு சின்ன வயதில் செத்துப்போனதாக எங்களுக்குச் சொல்லப்பட்டவள். தாய் இல்லாத அப்பாவை இடுப்பில் வைத்துச் சோறூட்டி, அந்த ராஜா கதையைச் சொல்லிச் சொல்லி வளர்த்தவள் அவள்தான். கல்யாணமாகி இரண்டாம் வருஷம் பிள்ளை செத்துப் பிறந்ததும் சித்தம் கலங்கிப்போனாள். அவளுக்கு முன்னால் அவளுடைய அத்தை ஒருத்திக்கும் அப்படி ஆகியிருந்தது. அந்த முந்தினவளைப் பின்கட்டுத் தூணில் சங்கிலியால் கட்டிப்போட்டு வைத்திருந்தார்களாம். தெருக்காரர்கள் எங்களைச் சங்கிலி வீடு என்று சொல்லத் தொடங்கியது அப்போதுதான் என்றாள் அம்மா. ராஜாவும் இல்லை, யானையும் இல்லை. அப்பா அந்தப் பெயருக்கு விடாமல் பொன் பூசிக்கொண்டே இருந்திருக்கிறார். பூசச் சொல்லிக் கொடுத்ததே அத்தைதான்.

இதெல்லாம் தெரியாத பத்து வயதில், அந்த வண்டியில் அம்மாவின் மடியில் சாய்ந்துகொண்டு, அந்தப் பொம்பளைக்கு நிஜமாகவே பைத்தியமா என்று கேட்டேன். அம்மா என் ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டே ஆமாம் என்றாள். எனக்கும் அப்படித்தான் பட்டது. ஏலே தம்பி என்று கூப்பிட்டது பைத்தியமாகத் தெரியவில்லை. மயிலுக்குக் கண் கேட்டதும் பைத்தியமாகத் தெரியவில்லை. கடைசியில் எங்களைப் பார்த்து, இவுக இல்ல என்று சொன்னாளே, அதைக் கேட்டுத்தான் அவளுக்குப் பைத்தியம் என்று நான் முழுசாக நம்பினேன்.