என் தலையில் அடித்த சத்தியம்

என் மனைவி விழுந்து இடுப்பெலும்பு முறிந்ததற்கு நான்தான் காரணம். நான் அவளைத் தள்ளிவிடவில்லை. விழாமலிருக்க அவள் செய்துவந்த ஒன்றை, சந்தேகப்பட்டு நிறுத்தினேன்.

நாங்கள் ஸ்ரீரங்கத்தில் ஓர் அடுக்ககத்தின் இரண்டாவது மாடியில் இருக்கிறோம். பிள்ளைகள் இல்லை. பணியில் இருந்தவரை தணிக்கைப் பிரிவில் இருந்தேன். யார் எந்த விளக்கம் சொன்னாலும் அதற்குப் பின்னால் வேறொன்று இருக்கும் என்று நினைப்பது அங்கே பழகியது. ஓய்வுக்குப் பின் அந்தப் பழக்கத்துக்கு மிஞ்சிய ஒரே ஆள் அவள்.

ஒருநாள் காலை குளித்துவிட்டு வரும்போது, கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவே அவள் நடப்பதைப் பார்த்தேன். ஒரு காலின் விரல்நுனியை ஒட்டி மறுகாலின் குதிகாலை வைத்து, கைகளைச் சற்று விரித்து, மெல்ல நடந்தாள். என்னைக் கண்டதும் சட்டென்று நின்றாள்.

"காபி வேணுமா?"

அப்படி நடந்தால் எங்கள் ஊரில் அதற்கு ஒரே அர்த்தம்தான். அடிப்பிரதட்சணம். வேண்டிக்கொண்டவர்கள் சந்நிதியை அப்படி அடிமேல் அடி வைத்துச் சுற்றுவார்கள். முன்பு எனக்கு அறுவை சிகிச்சை நடந்தபோது தாயார் சந்நிதியில் அவளும் சுற்றியிருக்கிறாள். இப்போது யாருக்காக?

யோசித்தேன். முந்தைய வாரம்தான் தில்லை நகரில் எனக்கு வயிற்று ஸ்கேன் எடுத்தார்கள். "ஒண்ணுமில்ல சார், நல்லா இருக்கீங்க" என்ற டாக்டர், நான் சட்டையை மாட்டிக்கொண்டு வருவதற்குள் அவளிடம் தணிந்த குரலில் ஏதோ பேசிக்கொண்டிருந்தார். கணக்கு நேராகிவிட்டது. எனக்குப் பெரிய வியாதி; இருவரும் மறைக்கிறார்கள்; அவள் வேண்டிக்கொண்டு, சுற்றுவதற்கு வீட்டிலேயே பழகிப் பார்க்கிறாள்.

எதிர்வீட்டு டீச்சரம்மாவும் அவளும் அடிக்கடி சத்திரம் பேருந்து நிலையத்துப் பக்கம் காய் வாங்கப் போனார்கள். பை மட்டும் நிறைந்து வந்ததில்லை. ஒருநாள் அவர்களுக்குத் தெரியாமல் அதே பஸ்ஸில் பின்வாசலில் ஏறிப் போனேன். சத்திரத்தில் ஆட்டோ ஏறினார்கள். நானும் ஏறினேன். அவர்கள் இறங்கியது எனக்கு ஸ்கேன் எடுத்த அதே கட்டடத்தில். எனக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை.

சாயங்காலம் கேட்டேன். "காலையில எங்க போனீங்க?"

"சத்திரத்துக்குத்தான், காய் வாங்க."

"தில்லை நகர்ல டாக்டருங்க இப்ப காய் விக்கிறாங்களா?"

அவள் முகம் மாறியது. "வேவு பார்த்தீங்களா?" என்று உட்கார்ந்துவிட்டாள். பிறகு சொன்னாள்: "கொஞ்ச நாளா நடக்கையில ஒரு பக்கமா சாயுதுங்க. மார்க்கெட்ல விழப் பார்த்தேன். உங்களுக்கு ஸ்கேன் எடுத்த அன்னைக்கு நான் மேஜையைப் பிடிச்சு எந்திரிச்சதைப் பார்த்துட்டு டாக்டர்தான் அங்க அனுப்பினார். ஒரு பொண்ணு விழாம நடக்கப் பயிற்சி சொல்லித் தருது. உங்ககிட்ட சொன்னா வெளியவே விடமாட்டீங்கன்னுதான் சொல்லல."

"நல்லா ஜோடிக்கிறே. என் ரிப்போர்ட்ல என்ன இருக்கு, அதைச் சொல்லு."

"உங்க ரிப்போர்ட்ல ஒண்ணுமில்ல. எல்லாமே உங்களைப் பத்தித்தான் இருக்கணுமா?"

அந்த வாக்கியம் அப்போது என் காதில் ஏறவில்லை. அவள் கையை இழுத்து என் தலையில் வைத்தேன். "எனக்காக ஒரு வேண்டுதலும் வேண்டாம். இனிமே அங்க போகமாட்டேன், இப்படி நடக்கமாட்டேன்னு சத்தியம் பண்ணு." அந்தச் சத்தியத்தை மீறினால் தலைக்குரியவனுக்கு ஆகாது என்பது அவள் நம்பிக்கை. அது தெரிந்துதான் செய்தேன். அவள் அழுதபடி சத்தியம் செய்தாள்.

பிறகு வேறோர் இடத்தில் மறுபடி ஸ்கேன் எடுத்தேன். ஒன்றுமில்லை என்றார்கள். அந்த டாக்டரையும் அவள் பார்த்துப் பேசியிருப்பாளோ என்று சில நாள் நினைத்தேன். சந்தேகம் தானாகத் தேய்ந்த பிறகும் அவளைச் சத்தியத்திலிருந்து விடுவிக்க எனக்குத் தோன்றவில்லை.

மழைக்காலம் தொடங்கியபோது பால்கனியில் துணி எடுக்கப் போனவள் கதவுப் படியில் கால் தடுக்கி விழுந்தாள். அறுவை சிகிச்சை செய்த டாக்டர், "பேலன்ஸ் பயிற்சிக்குப் போயிட்டிருந்தாங்களாமே, ஏன் விட்டாங்க?" என்று கேட்டார். டீச்சரம்மா என்னைப் பார்த்தார். படுக்கையிலிருந்து இவள்தான் பதில் சொன்னாள்: "எனக்குத்தான் சோம்பல், டாக்டர்."

வீட்டுக்கு வந்த பின் பயிற்சிப் பெண்ணை வரவழைத்தேன். படுத்தபடி செய்வதையெல்லாம் என் மனைவி செய்தாள். எழுந்து நடக்கச் சொன்னால் மட்டும் "முடியலம்மா" என்றாள். இப்படியே விட்டால் படுத்த படுக்கையாகிவிடுவார் என்று அந்தப் பெண் என்னிடம் தனியாகச் சொன்னாள். அன்று என் மனைவியிடம் காரணம் கேட்டேன்.

"சத்தியம் பண்ணியிருக்கேன்ல. உங்களுக்கு ஏதாச்சும் ஆயிட்டா?"

"அதைத் திருப்பி எடுத்துக்கிட்டேன்."

"திருப்பி எடுக்க அது என்ன இரவல் கொடுத்த எவர்சில்வர் பாத்திரமா?"

வேண்டுதலில் நம்பிக்கை இல்லாத நான் மறுநாள் கோயிலுக்குப் போனேன். சத்தியத்திலிருந்து அவளை விடுவிக்கச் சொல்லித் தாயார் சந்நிதியில் அடிப்பிரதட்சணம் தொடங்கினேன். கொஞ்ச தூரத்திலேயே உடம்பு ஆடியது. தூணைப் பிடித்துக்கொண்டேன். பின்னால் வந்த ஒரு பெண், "ஓரமா போங்க தாத்தா, எங்க மேல விழுந்து வைக்காதீங்க" என்றாள். அவ்வளவு நாளும் என் மனைவி எதோடு மல்லுக்கட்டினாள் என்பது அப்போதுதான் என் கால்களுக்குத் தெரிந்தது. பாதிச் சுற்றோடு திரும்பிவிட்டேன்.

நடந்ததை அவளிடம் மறைக்காமல் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். கண்ணில் நீர் வரச் சிரித்தாள். "பெரிய ஆபீசருக்குக் காலு பின்னிக்கிச்சாக்கும்! போகட்டும், பாதிச் சுத்தையும் தாயார் ஏத்துக்குவா. அந்தப் பொண்ணை வரச் சொல்லுங்க. உங்களுக்கும் சேர்த்துச் சொல்லித் தரட்டும்."

இப்போது கைத்தடியோடு லிஃப்ட் வரை போகிறாள். சத்திரத்து மார்க்கெட்டுக்கு இனி முடியாது. நானும் நாற்காலி முதுகைப் பிடித்து ஒற்றைக்காலில் நிற்கிறேன். டீச்சரம்மா இன்னும் என்னோடு பேசுவதில்லை.

அவள் குதிகாலையும் விரலையும் ஒட்டி நடக்கும்போது, தாங்கிக்கொள்ளலாம் என்று நான் பக்கத்தில் நிற்பதுண்டு. நேற்று பாதியில் நின்றாள்.

"அங்க நின்னு பார்க்காதீங்க. நீங்க பார்த்தா நான் எதையோ மறைக்கிற மாதிரியே இருக்கு. கால் தடுமாறுது."

அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். வெளியே அவள் நடக்கிறாளா, உட்கார்ந்துவிட்டாளா என்று தெரியவில்லை. நான் கேட்கவும் இல்லை.