மூன்றாவது குளத்தின் 2.1

ஜுவோ யுன்ரு சீன இலக்கிய மாணவி. சுற்றுச்சூழல் அறிவியலைத் துணைப்பாடமாக எடுத்ததற்குப் பெரிய காரணம் எதுவுமில்லை. அறிவியல் படிக்காதவர்களுக்கென்றே நடத்தும் வகுப்பு, கணக்கு அதிகம் இருக்காது என்று சொன்னார்கள்.

யுன்லின் கடற்கரையில் மட்டி வளர்க்கும் குளங்களில் பிராணவாயுவை அளப்பது முதல் களப்பணி. அப்போது பேய் மாதம், இறந்தவர்களின் ஆவிகள் பசியோடு திரும்பி வரும் காலம். அந்த மாதத்தில் தண்ணீருக்கு அருகே யாரும் யாரையும் பெயர் சொல்லி அழைப்பதில்லை. தண்ணீரில் இருக்கும் ஆவிகள் பெயரைக் கற்றுக்கொண்டுவிடும். அதனால் ஆளுக்கொரு குளத்தின் எண். யுன்ரு மூன்று.

"ஏய் மூணு, மீட்டரைத் தலைகீழாப் பிடிச்சுடாதே. அப்படியே தண்ணியைப் பத்திக் கவிதை எழுதிட்டு வந்துடுவே" என்றான் ஒன்று. அவன் கைலுன், சட்டம் படிப்பவன்.

"நீ போய் மட்டி மேல வழக்குப் போடு."

அவள் மீட்டரை அடித்தண்ணீர் வரை இறக்கினாள். 2.1 என்று காட்டியது; பென்சிலால் அப்படியே எழுதினாள். மற்ற கரைகளிலிருந்து 5.9, 6.0, 6.2 என்று கத்திக்கொண்டிருந்தார்கள். கண்டதை எழுத வேண்டும், சந்தேகம் வந்தால் ஒற்றைக் கோடு அடித்துவிட்டு மறுபடி அளக்க வேண்டும் என்பது பாடம். கைலுனின் சிரிப்பு அவள் காதுக்குள் முன்கூட்டியே கேட்டது. எழுதியதை ரப்பரால் அழித்து 6.1 என்று போட்டாள். எண்கள் ஒன்றோடொன்று ஒட்டி அமைந்தன. தளை தட்டிய கவிதை வரியைத் திருத்திய நிம்மதி.

குளத்துக்காரி பாவ்ஜு, கையில் ஊதுவத்திக் கட்டோடு வரப்பில் வந்தாள். "என்னம்மா மூணு, தண்ணி எப்படி? தண்ணிக்குக் காத்து ஏத்துற சக்கரத்தைச் சுத்த விடணுமா? இன்னிக்குப் படையல், இங்க ஒரு மேசை போடணும், கோயில்லயும் வேலை தலைக்கு மேல கிடக்கு."

"வேண்டாம் சித்தி. நல்லாத்தான் இருக்கு."

மூன்று நாள் கழித்து இரண்டாவது அளவுக்குப் போனபோது, பேருந்தைவிட்டு இறங்கும் முன்பே நாற்றம் வந்துவிட்டது. மூன்றாவது குளத்தில் மட்டிகள் வாய் பிளந்து கிடந்தன. கைலுன் நோட்டைப் புரட்டினான். "நம்ம அளவுல தண்ணி நல்லாத்தானே இருந்திருக்கு?"

"தண்ணி மேல தப்பில்ல தம்பி" என்றாள் பாவ்ஜு. "அன்னிக்குப் படையல் வைக்கவே இருட்டிப்போச்சு. பசியோட வந்தவங்களைக் காக்க வச்சுட்டேன். எம்மேல கோவிச்சுக்கிட்டாங்க."

யுன்ரு நோட்டைக் கைலுனிடமிருந்து வாங்கிப் பைக்குள் வைத்தாள்.

அதன்பின் ஒரு வருடம் அந்த எண் அவளைத் தொடர்ந்தது. வீட்டில் அந்த நோட்டைச் சாய்த்துப் பிடித்தால், 6.1க்கு அடியில் அழிந்த 2 தாளில் பள்ளமாகத் தெரிந்தது. ரப்பரால் பென்சில் கரியைத்தான் எடுக்க முடிந்திருந்தது. துணைப்பாடத்தில் நல்ல மதிப்பெண் வந்தது. பாவ்ஜு கனவில் வரவில்லை. வாய் பிளந்த மட்டிகள் வந்தன, எதையோ சொல்லத் தொடங்கியவை போல.

அடுத்த பேய் மாதத்தில் நோட்டையும் வகுப்பு மீட்டரையும் எடுத்துக்கொண்டு தனியாகப் போனாள். மூன்றாவது குளக்கரையில் இரண்டு மேசை போட்டு, உச்சி வெயிலிலேயே படையல் வைத்திருந்தாள் பாவ்ஜு. போன வருடம் ஒரு மேசைதான்.

"அட, மூணு. அளவெடுக்க வந்தியா?"

"என் பேரு ஜுவோ யுன்ரு, சித்தி."

"வாயை மூடு. இங்க நின்னுக்கிட்டா பேரைச் சொல்லுவே?"

"அவங்களுக்கும் தெரியட்டும். அவங்க கோவிச்சுக்கல. மீட்டர் ரெண்டு புள்ளி ஒண்ணு காட்டுச்சு. நான்தான் மாத்தி எழுதினேன். சக்கரம் வேண்டாம்னும் நான்தான் சொன்னேன்."

பாவ்ஜு அவளைப் பார்க்கவில்லை. படையல் கோழியின் மேல் உட்கார்ந்த ஈயை விரட்டினாள். மறுபடியும் விரட்டினாள். "ஒரு வருஷமா அவங்ககிட்ட தினம் மன்னிப்புக் கேட்டுக்கிட்டிருக்கேன்" என்றாள், யாரிடமோ சொல்வதுபோல. "போ."

யுன்ரு வரப்பில் நடந்தாள். பாதி வழியில், பின்னாலிருந்து யாரோ அவளுடைய முழுப்பெயரையும் சொல்லி அழைத்தார்கள். இந்த மாதத்தில் பின்னால் பெயர் கேட்டால் திரும்பக் கூடாது. 

திரும்பினாள்.

வெயிலில் பாவ்ஜு நின்றிருந்தாள். சக்கரத்தின் சுவிட்சில் அவள் கை இருந்தது.

"ஜுவோ யுன்ரு. இன்னிக்கு எவ்வளவுன்னு அளந்து சொல்லிட்டுப் போ."