சத்தம் கேட்காத டிவியில் தலைவர் விவாதம்

தொழிற்சங்கத் தலைவர் துரைக்கண்ணு டிவியில் வாக்குறுதி கொடுத்துக்கொண்டிருந்தபோது, எங்கள் பிரஸ் ஷாப் சாப்பாட்டு அறையில் எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். அவன் சொன்னதில் ஒரு வார்த்தைகூட எங்களுக்குக் கேட்கவில்லை. அதே நேரத்தில், பாகங்களைப் பொருத்துகிற அசெம்பிளி பிரிவின் கேன்டீனில் அதே வாக்குறுதியைக் கேட்டுக் கைதட்டியிருக்கிறார்கள்.

ஒரகடம் பக்கத்தில் கார் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் டீம் லீடராக இருந்து போன வருடம் ஓய்வு பெற்றவன் நான். கம்பெனியின் பெயர் வேண்டாம். புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் அனுபவம் எழுதச் சொல்கிறார்கள். டை செட்டிங் எப்படிச் செய்வது என்று டிரெயினிங்கிலேயே சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். இதை யாரும் சொல்லிக்கொடுக்கமாட்டார்கள் என்பதால் எழுதுகிறேன்.

1. காதில் பிளக், கையில் பேச்சு

பிரஸ் ஷாப் என்றால் தகட்டை அடித்து உருவம் கொடுக்கிற இடம். கீழே ஒரு டை, அதாவது இரும்பு அச்சு, மேலே ஒரு டை, நடுவில் தகடு. மேல் டை இறங்கி ஓர் அடி அடித்தால் தகடு கதவாகிவிடும். காதில் பிளக் இல்லாமல் அங்கே நாலு வருடம் நின்றால், வீட்டில் மனைவி கூப்பிடுவது கேட்காது. அது சௌகரியம்தான் என்று சொன்னவர்களும் உண்டு, ஆனால் கம்பெனி விடாது.

அந்தச் சத்தத்தில் வாயைத் திறந்து பிரயோஜனமில்லை. அதனால் எல்லாவற்றுக்கும் நாங்களே கைச் சைகை வைத்திருந்தோம். டீக்கு ஒன்று, கிரேனுக்கு ஒன்று, மேனேஜர் வருகிறார் என்பதற்கு ஒன்று. மேனேஜருக்கு உள்ள சைகையை இங்கே எழுத முடியாது. அவர் தொப்பை சம்பந்தப்பட்டது.

இரண்டு சைகைகளை மட்டும் விளையாட்டுக்குக்கூடச் செய்யமாட்டோம். இடது உள்ளங்கையின் மேல் வலது முஷ்டியை வைத்து ஆட்டினால், ‘டை இன்னும் உட்காரவில்லை, பட்டனைத் தொடாதே’ என்று அர்த்தம். ஆள்காட்டி விரலைத் தலைக்கு மேலே தூக்கிச் சுற்றினால், ‘எல்லாம் இறுக்கியாச்சு, ஆரம்பிக்கலாம்’ என்று அர்த்தம். டை மாற்றுகிற டை செட்டர்தான் இரண்டையும் காட்டுவார். அவர் தப்பாகக் காட்டினால் எவனாவது விரலை இழப்பான். எங்கள் ஷாப்பில் வாயால் பொய் சொல்லாதவன் கிடையாது. கையால் பொய் சொன்னவனை நான் பார்த்ததில்லை.

துரைக்கண்ணு அப்படிப்பட்ட டை செட்டர். குன்றத்தூர்க்காரன், என் சிநேகிதன். பல வருடம் ஒரே பிரஸ்ஸில் நின்றோம். பிறகு சங்கத் தலைவராகி, யூனிபார்மைக் கழற்றி வெள்ளைச் சட்டை போட்டு, சங்க அலுவலகத்தில் போய் உட்கார்ந்தான்.

2. அமெரிக்காவில் செய்கிறார்களாம்

விவாதம் நடந்த வருடம் தலைவர் தேர்தலில் அவனை எதிர்த்து நின்றவன் முத்துராஜ். அசெம்பிளி லைன், திருநெல்வேலிப் பக்கம், படப்பையில் வாடகைக்கு இருந்தான். பேச்சில் கெட்டிக்காரன். கம்பெனி பஸ்ஸில் போகும்போது போனில் அமெரிக்க ஜனாதிபதி வேட்பாளர்கள் டிவியில் மோதிக்கொள்வதைப் பார்த்திருக்கிறான். மறுநாள் நோட்டீஸ் போர்டுக்கு முன்னால் நின்று சவால் விட்டான்.

“அமெரிக்காவுல ஜனாதிபதிக்கு நிக்கிறவனையே ரெண்டு பக்கமும் நிறுத்திக் கேள்வி கேக்காங்க. நம்ம தலைவரைக் கேட்டா என்னவாம்?”

துரைக்கண்ணு மாட்டேன் என்றால் பயந்துவிட்டான் என்பார்கள். ஒப்புக்கொண்டான். டிரெயினிங் ஹாலில் கேமரா வைத்து, எல்லா கேன்டீன் டிவியிலும் நேரடியாகக் காட்ட எச்.ஆர். அனுமதி கொடுத்தது. வழக்கமாக அந்த டிவிகளில் ஹெல்மெட் போடு, கை கழுவு என்று படம் ஓடிக்கொண்டிருக்கும். அன்றைக்குத்தான் முதல் முறையாக ஜனங்கள் தலையைத் தூக்கி அவற்றைப் பார்த்தார்கள்.

கேள்விகளைத் தொழிலாளர்கள் முன்கூட்டியே கொடுத்துவிட வேண்டும். எங்கள் இன்ஸ்பெக்‌ஷன் டேபிளில் இருந்த வசந்தா ஒரு கேள்வி கொடுத்தாள். வாலாஜாபாத் பஸ் திரும்ப எப்போது வரும் என்பதுதான் அது.

ஆள் குறைவு என்று அந்த ரூட்டை கம்பெனி நிறுத்தியிருந்தது. வசந்தாவை அவள் வீட்டுக்காரர்தான் விடியற்காலையில் பைக்கில் கொண்டுவந்து விடுவார். அவருக்குக் காஞ்சிபுரத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் டிரைவர் வேலை கிடைத்திருந்தது. நிரந்தர வேலை, ஆனால் அதே நேரத்துக்கு டூட்டி. சனிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். பஸ் வந்தால் இரண்டு பேரும் வேலை பார்க்கலாம். வராவிட்டால் அவர் அதை விட வேண்டும், இல்லை இவள் வேலையை விட்டுப் பேப்பர் போட வேண்டும். வசந்தா பர்மனென்ட் ஆகி ஒரு வருடம்கூட ஆகவில்லை. “பர்மனென்ட் ஆவறதுக்கு நான் பட்ட பாடு எனக்குத்தான்ணா தெரியும்” என்று என்னிடம் ஒருநாள் கண் கலங்கச் சொன்னாள்.

3. விவாதம்

எங்கள் சாப்பாட்டு அறை பிரஸ்ஸுக்கு ஒட்டினாற்போல இருக்கிறது. பக்கத்து லைன் ஓடிக்கொண்டிருந்ததால் டிவி சத்தத்தை முழுக்க வைத்தும் எறும்பு பேசுகிற மாதிரிகூடக் கேட்கவில்லை. சரி, முகத்தையாவது பார்ப்போம் என்று தயிர்சாதத்தோடு உட்கார்ந்தோம்.

முத்துராஜ் இரண்டு கையையும் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு பேசினான். கையைக் காட்டாதவன் சொல்வதை எங்கள் ஆட்கள் எப்படி எடுத்துக்கொள்வார்கள்? நம்புவதா வேண்டாமா என்றே தெரியவில்லை என்று விட்டுவிட்டார்கள்.

துரைக்கண்ணு முறை வந்தது. திரையின் கீழே ‘வாலாஜாபாத் பஸ்’ என்று எழுத்து வந்தது. அவன் நேராகக் கேமராவைப் பார்த்து, முகத்தில் ஒரு தயக்கமும் இல்லாமல், அழகாகப் பேசினான். பேசும்போதே அவன் இடது உள்ளங்கை விரிந்தது. வலது முஷ்டி அதன் மேல் ஏறி உட்கார்ந்தது. மெல்ல ஆடியது.

ஒரு நொடி யாரும் சாப்பிடவில்லை. அப்புறம் சிரிப்பு வெடித்தது. டை உட்காரவில்லை, பட்டனைத் தொடாதே. வாய் என்ன சொன்னதோ தெரியாது, டை செட்டரின் கை உள்ளதைச் சொல்லிவிட்டது. அவனுக்கே தெரியாமல் மூன்று முறை சொன்னது.

நானும்தான் சிரித்தேன். சிரித்து முடித்துத் திரும்பினால், கடைசி பெஞ்சில் வசந்தா சாப்பாட்டு டப்பாவை மூடிக்கொண்டிருந்தாள். பாதிச் சாப்பாடு அப்படியே இருந்தது. கிட்டே வந்து என் காதருகில் கேட்டாள்.

“டை செட் ஆவலன்னுதானண்ணா காட்டினாரு?”

ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

4. ஆளுக்கொரு தீர்ப்பு

ஷிப்ட் முடிந்ததும் கம்பெனி முழுக்க இதே பேச்சுதான். காதால் கேட்ட அசெம்பிளிக்காரர்கள், அடுத்த மாதமே பஸ் வரும் என்று தலைவர் அடித்துச் சொல்லிவிட்டதாகச் சந்தோஷப்பட்டார்கள். பெயின்ட் ஷாப்பில் முத்துராஜின் தமிழ் தேன் மாதிரி இருந்தது என்றார்கள். அவன் என்ன சொன்னான் என்று கேட்டால் யாருக்கும் ஞாபகமில்லை. ஸ்டோர்ஸ் ஆட்கள் இரண்டு பேருமே பாஸ்போர்ட் போட்டோவுக்கு நிற்பதுபோல் நின்றார்கள் என்று தள்ளிவிட்டார்கள். கான்ட்ராக்ட் பையன்களுக்கு ஓட்டே கிடையாது. ஆனால் பிரியாணி பந்தயம் கட்டியதெல்லாம் அவர்கள்தான்.

படப்பைக்குப் போகிற ஷேர் ஆட்டோவிலும் சண்டை ஓயவில்லை. வழியில் ஏறிய ஒரு பெரியவர் ரொம்ப நேரம் கேட்டுவிட்டு, இந்தத் துரைக்கண்ணு எந்தத் தொகுதியில் நிற்கிறார் என்று விசாரித்தார்.

எனக்கு மனசு அதில் இல்லை. வசந்தாவின் தங்கை அசெம்பிளியில் இருந்தாள். பஸ் வருகிறது, மாமாவை வேலைக்குச் சரி சொல்லச் சொல் என்று அக்காவைப் பிடித்து உலுக்கினாளாம். வாய் ஒன்று சொல்கிறது, கை ஒன்று சொல்கிறது. நடுவில் ஒரு குடும்பம் சனிக்கிழமைக்குள் முடிவு செய்ய வேண்டும். துரைக்கண்ணு மேல் எனக்குக் கோபம் கோபமாக வந்தது.

5. தன் கையைத் தானே பார்த்தான்

மறுநாள் காலை சங்க அலுவலகத்துக்குப் போனேன். விவாதத்தில் துரைக்கண்ணுதான் ஜெயித்ததாக அங்கே ஏகக் குஷி. ஆட்களை வெளியே அனுப்பச் சொல்லிவிட்டு விஷயத்தைச் சொன்னேன். அவன் நம்பவில்லை.

“இன்னா லிங்கம் உளர்றே? நான் எங்கடா கையை ஆட்னேன்?”

ரெக்கார்டிங்கைப் போடச் சொன்னேன். சத்தத்தைக் குறைத்துவிட்டு ஓட்டினேன். பார்த்தான். திரும்பப் போடச் சொல்லிப் பார்த்தான். பிறகு தன் இரண்டு கைகளையும் மேஜை மேல் வைத்து, யாரோ வேற்று ஆளின் கைகளைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தான்.

பஸ் பற்றிப் பேச்சு இப்போதுதான் ஆரம்பித்திருக்கிறதாம். ‘பார்க்கலாம்’ என்று மட்டும் எச்.ஆர். சொல்லியிருக்கிறதாம். உறுதியாகச் சொல்லாவிட்டால் அசெம்பிளி ஓட்டு மொத்தமும் போய்விடும் என்று கூட இருந்தவர்கள் ஏற்றிவிட்டிருக்கிறார்கள். எப்படியும் வாங்கிவிடலாம் என்று இவனும் சொல்லிவிட்டான்.

நான் வசந்தா வீட்டுக் கதையைச் சொன்னேன். “உன் ஓட்டு போனா அடுத்த தடவ வாங்கிக்கலாம். அந்தப் பொண்ணு நீ சொன்னத நம்பி, பஸ் வராம போச்சுன்னா, அவ வேலைய யாரு வாங்கித் தருவா?”

அவன் எனக்கு டீ வாங்கிக் கொடுத்தான், தான் குடிக்கவில்லை. ஓட்டு அடுத்த நாள். அவன் என்ன செய்யப்போகிறான் என்று தெரியாமலே ஷாப்புக்குத் திரும்பினேன்.

6. மஞ்சள் கோட்டில்

மத்தியானம் பிரஸ் எல்லாம் ஓடிக்கொண்டிருந்தபோது துரைக்கண்ணு வந்தான். வெள்ளைச் சட்டை, தலையில் ஹெல்மெட், காதில் பிளக். தரையில் போட்டிருக்கும் மஞ்சள் கோட்டுக்கு வெளியே நின்று, எல்லோரும் தன் பக்கம் திரும்பும்வரை காத்திருந்தான். பிறகு உள்ளங்கையை விரித்து, முஷ்டியை அதன் மேல் வைத்து ஆட்டினான். இந்தத் தடவை தெரிந்தே செய்தான்.

யாரும் சிரிக்கவில்லை. அவன் வசந்தாவின் பக்கம் திரும்பி, தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டிவிட்டு, ஸ்பேனரால் போல்ட் இறுக்குவதுபோல் கையைத் திருப்பிக் காட்டினான். நான் இறுக்கிக்கொண்டிருக்கிறேன் என்று அர்த்தம். வசந்தா கையெடுத்துக் கும்பிட்டாள்.

அங்கிருந்து நேராக அசெம்பிளி கேன்டீனுக்குப் போனான், நாங்கள் சிலரும் பின்னாலேயே போனோம். அங்கே வாயாலும் சொன்னான். அடுத்த மாதம் பஸ் வரும் என்றது தப்பு, பேச்சு முடியவில்லை, அதை நம்பி யாரும் எந்த முடிவும் எடுத்துவிட வேண்டாம் என்று. சிலர் ஊளையிட்டார்கள். பின்வரிசையில் இருந்த முத்துராஜ் எழுந்து வந்தான். போட்டுத் தாக்கப்போகிறான் என்றுதான் எல்லோரும் நினைத்தோம்.

“அண்ணாச்சி, நானும் அதே பஸ்ஸைத்தான் விடுதேன்னு சொன்னேன். எங்கிட்டயும் ஒண்ணும் கிடையாது” என்றான். “இப்ப அந்த அக்காவுக்கு என்ன வழி? அதைப் பாப்போம்.”

விஷயம் தெளிந்த பிறகு வழி கிடைக்க ரொம்ப நேரமாகவில்லை. பஸ் வரும்வரை வசந்தாவை ஜெனரல் ஷிப்ட்டில் போடலாம், காலையில் லேட்டாக வந்தால் போதும், வாலாஜாபாத்திலிருந்து கவர்மென்ட் பஸ்ஸிலேயே வந்துவிடலாம். அந்த வழி ஏன் முன்னாலேயே யாருக்கும் தோன்றவில்லை? பஸ் இதோ வருகிறது என்றே இரண்டு பேரும் சொல்லிக்கொண்டிருந்ததால்தான். ஷிப்ட் அலவன்ஸ் போகும், பரவாயில்லை என்றாள் வசந்தா. ஓட்டுக்கு முந்தின நாள், எதிரெதிராக நின்ற இரண்டு வேட்பாளர்களும் ஒன்றாக எச்.ஆர். அறைக்குள் போனதை நான் கண்ணால் பார்த்தேன். அமெரிக்காவில் அப்படி நடக்குமா என்று தெரியவில்லை.

ஒரு வாரத்தில் வசந்தா ஜெனரல் ஷிப்ட்டுக்கு மாறினாள். அவள் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரி வேலையில் சேர்ந்தார்.

துரைக்கண்ணு தோற்றுவிட்டான். கொஞ்ச வித்தியாசம்தான். அசெம்பிளி ஓட்டு அவர்கள் சொன்ன மாதிரியே போய்விட்டது. பிரஸ் ஷாப் ஓட்டு ஒன்றுகூடச் சிதறியிருக்காது என்று நான் இன்றைக்கும் சத்தியம் செய்வேன். வெள்ளைச் சட்டையைக் கழற்றிவிட்டு யூனிபார்மோடு எங்கள் லைனுக்குத் திரும்பி வந்தான். முதல் நாள் கொஞ்சம் கூச்சப்பட்டான். மேனேஜர் வந்தபோது தொப்பைச் சைகையை முதலில் காட்டியவன் அவன்தான், அதோடு கூச்சம் போய்விட்டது.

தலைவரான முத்துராஜும் நல்லபடி நடந்துகொண்டான். பஸ் பேச்சு எதுவரை போயிருக்கிறது என்று தெரிந்தவன் துரைக்கண்ணு என்பதால், ஒவ்வொரு மீட்டிங்குக்கும் அவனையும் கூப்பிட்டுக்கொண்டு போனான்.

மழைக்காலம் முடிந்து ஒருநாள் முதல் ஷிப்ட்டில் துரைக்கண்ணு டை மாற்றிக்கொண்டிருந்தான். நான் பட்டன் பக்கத்தில் நின்றிருந்தேன். அவன் முஷ்டி உள்ளங்கை மேல் ஆடிக்கொண்டிருந்தது. அப்போது ஷாப் வாசலில் வசந்தா வந்து நின்றாள். ஜெனரல் ஷிப்ட்காரி, பஸ் இல்லாமல் இவ்வளவு காலையில் எப்படி வந்தாள் என்று நான் யோசித்து முடிப்பதற்குள், அவள் மஞ்சள் கோட்டுக்கு வெளியே நின்றபடி ஆள்காட்டி விரலைத் தலைக்கு மேலே தூக்கிச் சுற்றினாள்.

செட்டர் அல்லாதவர் அந்தச் சைகையைக் காட்டி நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். துரைக்கண்ணு அவளையே பார்த்துக்கொண்டு நின்றான். அவன் கண்ணில் தண்ணீர். பிறகு குனிந்து கடைசி போல்ட்டை இறுக்கினான், இன்னொரு முறை இழுத்துப் பார்த்தான், நிமிர்ந்து என்னைப் பார்த்துத் தன் விரலைச் சுற்றினான். நான் பட்டனை அழுத்தினேன்.