பாதிச் சவரம்

சலூன்காரருக்கு ஒரு கொள்கை உண்டு. நாற்காலியில் உட்கார்ந்தவரை அரைகுறையாக எழுப்பி அனுப்பக் கூடாது. மின்சாரம் போனாலும் மழை கொட்டினாலும் வேலையை முடித்து, பின்னந்தலைக்குக் கண்ணாடி காட்டி, "சரியா இருக்கா?" என்று கேட்ட பிறகுதான் துண்டை உதறுவார். தன் முதுகு தனக்குத் தெரியாது, அதுக்குத்தானே நான் இருக்கேன் என்பார்.

தொழிலில் இன்னொன்றும் அவருக்குப் பிடிபட்டிருந்தது. கத்தி கழுத்துக்கு வந்ததும் புது ஆளுக்குக் குரல்வளை ஒருமுறை மேலே ஏறி இறங்கும். பழகியவர்களுக்கு அப்படி ஆகாது. துளிகூடப் பயமில்லாதவர் பக்கத்து டீக்கடைக்காரர்தான். கத்தி ஓடும்போதே அவருக்கு வாயும் ஓடும். "யோவ், வாய மூடுய்யா. பட்டுச்சுன்னா என்னைச் சொல்லக் கூடாது" என்று இவர் திட்டுவார். அவர் மூடியதாகச் சரித்திரமே இல்லை.

மனைவி போய்ச் சேர்ந்த பிறகு சலூன்காரருக்கு வீடு என்பது இரவில் பூட்டைத் திறக்கிற இடம், அவ்வளவுதான். ஒரே மகன் வெளியூருக்குப் போய் வருஷக்கணக்காகிவிட்டது. எப்போதாவது போன் வரும். "சாப்டீங்களாப்பா?" என்பான். இவர் "ம்" என்பதற்குள் யாரோ அவனைக் கூப்பிடுவார்கள்.

அந்த மகன்தான் ஒருநாள், "இங்க வந்துருங்கப்பா, என்கூட இருங்க. கீழேயே கடை பாத்து வச்சிருக்கேன்" என்றான். அதே சமயத்தில் கடை இருந்த கட்டடத்துக்காரர், மாசக் கடைசிக்குள் இருப்பதா காலி செய்வதா என்று சொல்லிவிடுங்கள், செல்போன் கடைக்குக் கேட்கிறார்கள் என்று நெருக்கினார். இந்தக் கடையை விட்டால் இந்த வயதில் இன்னொரு கடை பிடிக்க முடியாது. மகனை விட்டால் உலகத்தில் வேறு ஆளும் கிடையாது. மனுஷர் ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்று நின்றார்.

விஷயம் என்னவென்றால், மகன் இருந்த நகரத்துக்குப் பெயர் கெட்டுப்போயிருந்தது. பேப்பரில் அந்த ஊர் வந்தால் ரத்தத்தோடுதான் வரும்.

"போகாதீங்கண்ணே" என்றார் டீக்கடைக்காரர், ஒரு கன்னம் முழுக்க சோப்பு நுரையோடு. "பட்டப்பகல்ல வெட்டுவானுங்களாம். ஒருத்தன் விழுந்து கெடந்தா தாண்டிப் போவானுங்களாம்."

"நீ பாத்தியா?"

"பாக்கணுமா? ஊரே சொல்லுதே."

"உலை வாய மூடலாம், ஊர் வாய மூட முடியுமா? என்கிட்ட இருக்கறது ரெண்டு கத்திரி, ஒரு கத்தி. மடியில கனம் இருந்தாதானே வழியில பயம்?"

வாய் அப்படிச் சொன்னதே தவிர, மறுநாள் பேப்பரில் அந்த ஊர்ப் பெயரைத்தான் முதலில் தேடினார். கொஞ்ச நாள் இருந்து பார்ப்போம், சரிப்படாவிட்டால் திரும்பிவிடலாம் என்று முடிவு செய்து, கடைச் சாவியை டீக்கடைக்காரரிடம் கொடுத்துவிட்டு பஸ் ஏறினார்.

நகரம் பார்க்கவே விறைப்பாக இருந்தது. மூன்றாம் மாடி ஜன்னலுக்குக்கூட இரும்புக் கம்பி போட்டிருந்தார்கள். கடைகளில் ஷட்டரைப் பாதி இறக்கி வைத்தே வியாபாரம் நடந்தது. மகன் குடியிருந்த மாடிப்படி நெடுக ஒவ்வொரு கதவிலும் இரண்டு பூட்டு, மூன்று பூட்டு. மகன் வீட்டில் மட்டும் வெறும் தாழ்ப்பாள்.

"பூட்டு இல்லையாடா?"

"நம்ம வீட்டுக்குள்ள எவன்ப்பா வருவான்?" என்று மகன் சிரித்தான். என்ன தைரியம் பாருங்கள் என்று அப்பாவுக்குப் பெருமையாக இருந்தது. காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சுதானே.

மகன் செக்யூரிட்டி ஏஜென்சி நடத்துவதாகச் சொன்னான். கடைகளுக்குப் பாதுகாப்பாம். திருட்டு ஊரில் நல்ல தொழில்தான் என்று நினைத்துக்கொண்டார். அவனைவிட மூத்தவர்கள்கூட அவனை "அண்ணன்" என்றார்கள். இவர் தெருவில் நடந்தால் பெஞ்சில் இருந்தவர்கள் எழுந்து இடம் விட்டார்கள். சோப்பு வாங்கப் போனால் கடைக்காரர் காசைத் தொட மறுத்து, "உங்ககிட்டப் போய் வாங்குவோமாய்யா?" என்று கும்பிட்டார். இந்தத் தங்கமான ஜனங்களையா அந்த டீக்கடைக்காரன் அப்படிப் பேசினான்! நாக்கை வெட்ட வேண்டும் அவனுக்கு. கட்டடத்துக்காரருக்குப் போன் போட்டு, கடையை யாருக்கு வேண்டுமானாலும் விட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிடலாமா என்றுகூடப் பார்த்தார்.

வீட்டுக்குக் கீழே மகன் எடுத்துக் கொடுத்த கடை ஏற்கனவே சலூனாக இருந்ததுதான். "முன்னாடி இருந்தவரு காலி பண்ணிட்டாருப்பா" என்றான். நாற்காலி, கண்ணாடி எல்லாம் அப்படியே இருந்தன. கண்ணாடி ஓரத்தில் பள்ளிக்கூட உடுப்பில் ஒரு பெண் குழந்தையின் போட்டோ செருகியிருந்தது. டிராயரைத் திறந்தால் கைக்குப் படிந்து தேய்ந்த அருமையான கத்திரி ஒன்று கிடந்தது. சலூன்காரர் அதைக் கையில் எடுத்து வெகுநேரம் பார்த்தார். தொழில்காரன் பெண்டாட்டியை மறந்தாலும் கத்திரியை மறப்பானா? மறந்திருப்பான், வந்து கேட்டால் கொடுப்போம் என்று துடைத்து, திரும்ப உள்ளே வைத்தார்.

ஒரு காலையில் குழாய் ரிப்பேர்காரர் ஒருவர் சவரத்துக்கு வந்தார். தெருவுக்குப் புதியவர்போல. நன்றாகச் சாய்ந்துகொண்டு பேச்சுக் கொடுத்தார். சலூன்காரருக்கு டீக்கடைக்காரர் ஞாபகம் வந்து மனசு இளகியது.

"புதுசா வந்திருக்கீங்களோ?" என்றார் வந்தவர்.

"ஆமாங்க. என் பையன்தான் கடை எடுத்துக் குடுத்தான். உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமே, செக்யூரிட்டி ஏஜென்சி வச்சிருக்கான். அண்ணன்னு சொல்வாங்க."

பிள்ளைப் பெருமையோடுதான் சொன்னார். வலது கன்னம் முடிந்து கத்தி அப்போது கழுத்துக்கு வந்திருந்தது. அதுவரை அசையாமல் இருந்த குரல்வளை சட்டென்று மேலே ஏறியது. ஏறியது இறங்கவே இல்லை.

"போதுங்க" என்றார் குழாய்க்காரர்.

"இன்னும் ஒரு பக்கம் இருக்குங்களே."

"போதுங்கய்யா. நான் ஒண்ணும் பேசலை. வேலையிருக்கு."

துண்டோடு எழுந்தார். கையில் அகப்பட்ட பெரிய நோட்டை மேஜையில் வைத்துவிட்டு, ஒரு கன்னத்தில் நுரை வழிய வழிய வெளியே போனார். "சார்! மீதிச் சில்லறை! மொகம்!" என்று சலூன்காரர் தெருவரைக்கும் ஓடினார். அந்த மனிதர் திரும்பிப் பார்க்காமல் நடையை ஓட்டமாக்கினார். தெருவே அதைப் பார்த்தது. ஒருத்தரும் சிரிக்கவில்லை. பாதி முகம் நுரையோடு ஒருவர் ஓடினால் எந்த ஊரிலும் சிரிப்பார்கள். இங்கே எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். பெஞ்சில் இருந்தவர்கள் வழக்கம்போல எழுந்து நின்றார்கள்.

கடைக்குள் திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். கும்பிட்ட கையும், தொடாத காசும், பூட்டில்லாத கதவும் என்னவென்று இப்போது புரிந்தது. மகன் கடைகளை யாரிடமிருந்து காப்பாற்றுகிறான் என்பதும் புரிந்தது. எதிர்க் கண்ணாடியில் அந்தப் பெண் குழந்தை சிரித்துக்கொண்டிருந்தது. அவர் போட்டோவைப் பார்க்க முடியாமல் திருப்பிச் செருகினார். அழுகை வந்தது.

சாயங்காலம் மகன் வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்தான். "பண்ணி விடுங்கப்பா. சின்ன வயசுல பண்ண மாதிரி" என்றான். இந்த ஒரு வார்த்தைக்காகத்தானே இத்தனை வருஷம் காத்திருந்தார். நுரை போட்டுக்கொண்டே மெதுவாகக் கேட்டார்: "முன்னாடி இருந்த சலூன்காரரு கத்திரிய விட்டுட்டுப் போயிட்டாரேடா. எங்க இருக்காரு?"

"அது எதுக்குப்பா உங்களுக்கு?" என்றவன் கண்ணைத் திறந்தான். "யாராவது வந்து ஏதாவது சொன்னாங்களா?"

"இல்லடா."

"காலையில ஒருத்தன் பாதியில எந்திரிச்சுப் போனானாமே. யாருப்பா அது?"

அதட்டவில்லை. சாப்டீங்களாப்பா என்று கேட்கிற அதே குரல். கத்தி மகனுடைய கழுத்தில் இருந்தது. அங்கே எதுவும் அசையவில்லை. ஏறி இறங்கியது தன்னுடைய குரல்வளை என்பது அப்பாவுக்கு ஒரு கணம் கழித்துத்தான் உறைத்தது.

"தெரியலப்பா" என்றார். பெற்ற பிள்ளையிடம் பொய் சொன்னார். "யாரோ வெளியூரு. அவசரம்னு போயிட்டாரு." சவரத்தை முழுசாக முடித்தார். பின்னந்தலைக்குக் கண்ணாடி காட்டினார். "சரியா இருக்கா?" என்று கேட்டார்.

தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை, மூச்சு இரைக்கிறது என்று அதையும் இதையும் சொல்லி ஊர் திரும்பினார். மகன் பஸ் ஏற்றிவிட வந்தான். ஜன்னல் ஓர ஆள் அவனைப் பார்த்ததுமே எழுந்து இவருக்கு இடம் விட்டார். பஸ் நகர்ந்து வெகுதூரம் போகும்வரை மகன் அங்கேயே நின்றான். அதுதான் அவருக்கு எல்லாவற்றையும்விடத் தாங்க முடியாமல் இருந்தது. கெட்டவனாகவே இருந்து தொலைத்திருந்தால் விட்டுவிட்டு வருவது சுலபமாக இருந்திருக்கும்.

கட்டடத்துக்காரரிடம் கடை வேண்டும் என்று சொல்லி, டீக்கடைக்காரரிடமிருந்து சாவியை வாங்கித் திறந்தார். முதல் ஆளாக அவரே வந்து சாய்ந்தார்.

"எப்படிண்ணே அந்த ஊரு?"

"நல்ல ஊருய்யா. மனுஷங்க தங்கம்."

"பாத்தீங்களா, நாந்தான் தப்பாப் பேசிட்டேன்" என்று ஆரம்பித்தவர் நிறுத்தவே இல்லை. டீத்தூள் விலை, கட்டடத்துக்காரர், மழை என்று போன பேச்சு கடைசியில் அங்கேயே வந்து நின்றது. "ஏண்ணே, என் சின்னவன் வேலையில்லாம வீட்ல சும்மாதானே கெடக்கான்? அங்க அனுப்பிடறேன். உங்க பையன்கிட்டச் சேத்து விட்டா ஏதாவது வழி காட்டுவான்ல? நல்ல மரியாதையா இருக்கானாமே."

ஒரு கன்னம் முடிந்து கத்தி அப்போது கழுத்துக்கு வந்திருந்தது. சலூன்காரர் கையை எடுத்துக்கொண்டார்.

"அனுப்பாத."

"ஏண்ணே? ஊரு நல்ல ஊருன்னீங்க?"

சொல்லாமல் இருந்துவிடலாம். இந்த வாயிடம் சொன்னால் நாளைக் காலைக்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிடும். கடையில் இருந்த கண்ணாடிகளில் எதைப் பார்த்தாலும் அவருக்குத் தன் முகமே தெரிந்தது.

"ஊரு நல்ல ஊருதான்யா" என்றார். "என் பையன்தான் சரியில்ல. அவனுக்குப் பயந்துதான் அந்த ஊரே கதவப் பூட்டிக்கிட்டு இருக்கு. நானும் பயந்துதான் வந்துட்டேன்."

டீக்கடைக்காரர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். பிறகு மூடிக்கொண்டார். சலூன்காரர் காய்ந்துபோன நுரைமேல் கொஞ்சம் தண்ணீர் தொட்டு வைத்து, மறு கன்னத்தை மழிக்கத் தொடங்கினார்.